அரக்கு இளகும் சூடு

பங்காருபேட்டையிலிருந்து பூதிகோட்டைக்குப் போகும் சாலையில், சித்திரை மாத உச்சிவெயிலில், நாங்கள் போன பழைய பெட்ரோல் கார் இருமி இருமி நின்றது. ஓட்டிவந்த நண்பர் பதறவில்லை. பானெட்டைத் திறந்தார். தோளில் கிடந்த துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பெட்ரோல் பம்பின்மேல் போட்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு, துண்டின் மறுமுனையை இழுத்து இக்னிஷன் காயில்மேலும் படரவிட்டார். புளியமரத்து நிழலில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பிறகு சாவியைத் திருப்பியதும் வண்டி எந்தக் குறையும் இல்லாததுபோல் கிளம்பியது. "பெட்ரோல் ஆவியாகிப் பைப்பில் அடைச்சிருக்கு" என்றார் அவர். இருக்கலாம். ஆனால் ஈரத்துண்டு பம்பையும் காயிலையும் சேர்த்தே குளிரவைத்துவிட்டது. எது கெட்டது என்று சொல்லக்கூடிய ஒரே தடயம் அந்தச் சூடு. அதைத்தான் நாங்கள் அழித்திருந்தோம்.

அன்று மாலை கோலார் தங்கவயலில், ராபர்ட்சன்பேட்டையில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்டினோம். அவர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "தம்பி, ஆறின வண்டி பொய் சொல்லும். நாளைக்கு ஒரு மணி நேரம் நல்லா ஓட்டிட்டு, சூட்டோட இங்க கொண்டாங்க. நடுவுல எங்கயும் நிறுத்தாதீங்க" என்றார். அவர் சொன்னதன் முழுப்பொருள் எனக்கு விளங்கக் கொஞ்ச காலம் ஆயிற்று. மோட்டார் வண்டியின் தொடக்ககாலப் பற்றவைப்புக் கருவிகளைப் பற்றிப் படிக்கப் படிக்க, அந்தத் துறையின் முதல் ஐம்பது ஆண்டுகளும் சூட்டோடு நடந்த ஒரே வழக்காகத் தெரிந்தன.

பூதிகோட்டையில் இதை யோசிப்பதற்கு ஒரு பொருத்தம் உண்டு. பூதி என்றால் சாம்பல், திருநீறு. விபூதி என்ற சொல்லிலிருந்தே ஊர்ப்பெயர் வந்தது என்று பழைய கெசட்டியர்கள் விளக்குகின்றன. ஹைதர் அலி பிறந்த ஊர் என்பதால் வரலாற்றுப் புத்தகத்தில் அதற்கு ஒரு வரி கிடைத்தது. அதற்கு அப்பால், கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. ஜான் டெய்லர் நிறுவனத்தார் ஆழப்படுத்திக்கொண்டே போன சுரங்கம் அது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன தமிழ்த் தொழிலாளிகள் அங்கே பாறையைக் குடைந்தார்கள். அடித்தளத்தில் பாறையின் இயல்பான சூடு ஏறத்தாழ 65 டிகிரி செல்சியஸ். அரக்கு இளகத் தொடங்குவதும் ஏறத்தாழ அந்தச் சூட்டில்தான். 65-இல் மெதுவாகி, 75, 80 டிகிரிக்குள் உருகி ஓடும். பழைய மோட்டார் வண்டியின் உயிர்நாடியை இந்தப் பத்துப் பதினைந்து டிகிரிதான் தீர்மானித்தது. எப்படி என்று பார்க்க, முதலில் வண்டிக்குத் தீ வந்த வழியைப் பார்க்க வேண்டும்.

முதல் வண்டிகளில் சிலவற்றுக்கு மின்சாரமே கிடையாது. 1880-களில் டைம்லரும் மேபாக்கும் செய்த எஞ்சின்களில் சிலிண்டரிலிருந்து ஒரு சிறு குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து ஒரு பர்னர் அதைச் செக்கச் சிவக்கக் காய்ச்சிக்கொண்டே இருக்கும். பிஸ்டன் மேலே வரும்போது பெட்ரோல் கலந்த காற்று அந்தக் குழாய்க்குள் நெருக்கப்பட்டுத் தீப்பிடிக்கும். இந்த ஏற்பாட்டில் சூடுதான் கருவி. ஆனால் தீ எந்தக் கணத்தில் பிடிக்கும் என்பதை ஓட்டுநரால் மாற்ற முடியாது. வேகம் கூடும்போது தீயை முன்னதாக வைக்க வேண்டும், குறையும்போது பின்னதாக வைக்க வேண்டும். சிவந்த குழாய்க்கு அந்தப் பேச்செல்லாம் புரியாது. கார்ல் பென்ஸ் 1886-இல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் பேட்டரியும் துடிப்புக் காயிலும் வைத்து மின்பொறியைப் பயன்படுத்தினார். பேட்டரி சீக்கிரம் தீர்ந்துபோவது அவருடைய தலைவலி. அதற்கு மருந்தாக வந்தது மேக்னெட்டோ. காந்தங்களுக்கு நடுவே கம்பிச் சுருளைச் சுழற்றித் தன் மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் கருவி அது. ராபர்ட் போஷ் 1887-இல் நிலையான எஞ்சினுக்காக ஒன்று செய்தார். அவரிடம் வேலை பார்த்த காட்லோப் ஹோனோல்டு 1902-இல் ஸ்பார்க் பிளக்கோடு சேர்ந்து இயங்கும் உயர் அழுத்த மேக்னெட்டோவை முடித்துக் கொடுத்தார்.

அதே 1902, ஜூன் மாதம், சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியிலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி வழியாகத் தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. ஜெர்மனியின் ஒரு பட்டறையிலும் கோலாரின் ஒரு சுரங்கத்திலும் அந்த ஆண்டு மனிதர்கள் எதிர்கொண்ட கேள்வி ஒன்றே என்று எனக்குத் தோன்றுகிறது. உயர்ந்த அழுத்தத்தில் ஓடும் மின்சாரத்தை, அது போகக்கூடாத வழியில் போகாமல் எதைக்கொண்டு தடுப்பது? சிவசமுத்திரத்துக் கம்பத்தில் பீங்கான் கிண்ணங்கள் இருந்தன. அவற்றுக்கு வெளிக்காற்று உண்டு, இடமும் உண்டு. மேக்னெட்டோவுக்கு இரண்டும் கிடையாது. கைக்கு அடங்கும் இரும்புக் கூட்டுக்குள், கொதிக்கும் எஞ்சினை ஒட்டி, பல்லாயிரம் வோல்ட்டை அது அடக்கிவைக்க வேண்டும்.

அடக்கிவைக்க அன்று இருந்தவை என்னென்ன? பருத்தி நூல், பட்டு நூல், காகிதம், மெழுகு, தார், அரக்கு, மைக்கா, பீங்கான். வார்னிஷ் தடவிய துணியும் கடின ரப்பரும் உண்டு. பிளாஸ்டிக் என்று இன்று நாம் சொல்லும் எதுவும் ஏறத்தாழ இல்லை. பேக்கலைட் வரும்வரை, வந்த பிறகும் வெகுநாள், உலகத்தின் மின்கருவிகள் மரத்திலிருந்தும் பூச்சியிலிருந்தும் மண்ணிலிருந்தும் வந்த பொருள்களாலேயே காக்கப்பட்டன. அவற்றில் முக்கியமான இரண்டு நம் நாட்டிலிருந்து போனவை.

ஒன்று அரக்கு. குசும், புரசு, இலந்தை மரக்கிளைகளில் ஒட்டிக்கொண்டு சாறு குடிக்கும் சின்னஞ்சிறு பூச்சி தன் உடலைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் கூடு அது. கிளையோடு ஒடித்தெடுத்தால் கொம்பரக்கு. கழுவி, உருக்கி, மெல்லிய தகடாக இழுத்து உடைத்தால் வார்னிஷ் கடைக்காரர் விற்கும் செதில் அரக்கு. நம் பொற்கொல்லர்களுக்கு இதன் குணம் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். உள்ளே குழிவான நகைக்குள் அரக்கை நிரப்பினால் நசுங்காது. வேலை செய்யும்போது நகையைக் கோலின் நுனியில் அரக்கால் பிடிக்கவைப்பார்கள். இலேசாகச் சூடு காட்டினால் அரக்கு இளகி இடம் கொடுக்கும், ஆறினால் கல்போல் பிடித்துக்கொள்ளும். அவர்களுக்கு வரமாக இருந்த அந்த இளகும் குணமே மேக்னெட்டோவுக்குச் சாபமாயிற்று. பாண்டவர்களைக் கொல்ல அரக்கு மாளிகை கட்டினார்கள் என்ற கதையைக் கேட்டு வளர்ந்த நாட்டில், எரிகிற எஞ்சினின் பக்கத்தில் அரக்கால் கட்டிய ஒன்றை வைப்பது எவ்வளவு துணிச்சல் என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஆனாலும் வைத்தார்கள். அதற்குக் காரணம் உண்டு. அரக்கு மின்சாரத்தை நன்றாகத் தடுக்கும். சாராயத்தில் கரையும் என்பதால் தூரிகையால் பூசலாம். நூல் சுற்றிய கம்பியின் இடுக்கெல்லாம் புகுந்து, காய்ந்ததும் சுருளை ஒரே கட்டியாக்கும். மேக்னெட்டோவின் சுருள் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுழல்வதால், கம்பி நகராமல் பிடித்துவைக்க அப்படிப்பட்ட பசை தேவைப்பட்டது. குளிர்ந்த நாட்டில், குறைந்த வேகத்தில் இது போதுமானதாக இருந்தது. வெப்ப நாட்டுக் கோடையில், மலைச்சாலையில் முதல் கியரில் ஏறும் வண்டியில் என்ன நடக்கும்? பேர்ணாம்பட்டிலிருந்து தங்கவயல் பக்கம் ஏறுகிறவர்களுக்குத் தெரியும், அங்கே எஞ்சினுக்கு வேலை அதிகம், காற்று குறைவு. எஞ்சினோடு இறுக்கிய மேக்னெட்டோ 70, 80 டிகிரி தொடுவது அதிசயமில்லை. அரக்கு இளகும். சுழற்சியின் வேகம் அதை வெளிப்பக்கமாகத் தள்ளும். சுருளுக்கும் காந்த முனைக்கும் நடுவே இருக்கும் மயிரிழை இடைவெளியில் அது கசிந்து ஒட்டும். வண்டியை நிறுத்தி ஆறவைத்தால் அங்கேயே உறைந்து, மறுநாள் காலை மேக்னெட்டோ சுற்றவே சுற்றாது. பழைய மோட்டார் சைக்கிள்களைப் பழுது பார்ப்பவர்கள் இன்றைக்கும் இந்தப் பழுப்புப் பிசினைச் சுரண்டி எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இதில் ஒரு நுட்பமும் உண்டு. அரக்கை மீண்டும் மீண்டும் சூடாக்கினாலோ, வெகுநேரம் சூட்டிலேயே வைத்தாலோ அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, பிறகு எந்தச் சூட்டிலும் உருகாத பொருளாக அது மாறிவிடும். தொழிற்சாலையில் பொறுமையாகச் சுட்டெடுத்த சுருள் சாலையில் கசியாது. அவசரத்தில் காயவைத்து அனுப்பிய சுருள் கசியும். கண்ணுக்கு இரண்டும் ஒரே நிறம், ஒரே பளபளப்பு. ஆகவே இந்தப் பொருள் எத்தனை டிகிரி தாங்கும் என்று மட்டும் கேட்டால் போதாது. அது இதற்கு முன் எத்தனை மணி நேரம் எந்தச் சூட்டில் இருந்தது என்றும் கேட்க வேண்டும். இவற்றையெல்லாம் முறைப்படி ஆராய, ராஞ்சி அருகே நாம்கும் என்ற இடத்தில் 1924-இல் அரக்குக்கென்றே ஓர் ஆய்வுக்கூடம் எழுந்தது. உலகம் முழுவதற்கும் அரக்கு அனுப்பிய நாடு அதன் குணத்தைத் தானே அளக்கத் தொடங்கியது நல்ல செய்தி. முப்பது ஆண்டுகள் முன்னதாகத் தொடங்கியிருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

இரண்டாவது பொருளுக்குத் தமிழில் அழகான பெயர் இருக்கிறது: காக்காப்பொன். தங்கவயலைப் பற்றிய கட்டுரையில் அந்தப் பெயரை எழுதும்போது கை கொஞ்சம் நிற்கிறது. மின்னும், ஆனால் பொன் ஆகாது என்று ஒதுக்கப்பட்ட மைக்கா, மின்சாரம் வந்த பிறகு உண்மையிலேயே விலைபோகும் பொருளாயிற்று. இன்றைய ஜார்க்கண்டின் கோடர்மாவும், அந்நாளில் சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர் மாவட்டத்துக் கூடூரும் உலகச் சந்தைக்கு மைக்கா அனுப்பின. ஏடு ஏடாகப் பிரியும். ஒரு முடியின் கனத்துக்கும் கீழே உரித்தாலும் மின்னழுத்தத்தைத் தாங்கும். 500 டிகிரி வரை அசையாது. அதற்கும் மேலே போனால்தான் உள்ளே கட்டுண்டிருக்கும் நீர் வெளியேறி ஏடுகள் உப்பிப் பிளக்கும்.

பெரிய ஏடுகள் கிடைப்பது அரிது, விலையும் அதிகம். எனவே சிறு சிறு துண்டுகளை அடுக்கி, அரக்கால் ஒட்டி, சூடான அச்சில் அழுத்தித் தகடாக்கினார்கள். மைக்கானைட் என்று அதற்குப் பெயர். 500 டிகிரி தாங்கும் கல்லை 70 டிகிரியில் இளகும் பிசினால் ஒட்டிய அந்தத் தகடுதான், என் பார்வையில், அந்தக் காலத்து மின்பொறியியல் முழுவதையும் ஒரு துண்டில் காட்டுகிறது. எவ்வளவு உறுதியான கல் இருந்தாலும் தகட்டின் வரம்பை நிர்ணயித்தது பசைதான். மேக்னெட்டோவுக்குள் இருந்த கண்டென்சர்கள் பலவும் மைக்கா ஏடும் உலோகத் தகடும் மாறி மாறி அடுக்கி அரக்கால் பிணைத்தவை. 1914-இல் போர் மூண்டபோது பிரிட்டன் தன் மேக்னெட்டோக்களுக்கு ஜெர்மனியின் போஷையே பெரிதும் நம்பியிருந்தது. ஒரே இரவில் அந்த வழி அடைபட்டது. பிரிட்டிஷ் ஆலைகள் தாமே மேக்னெட்டோ செய்யத் தொடங்கின. வானூர்தி எஞ்சின்களுக்கு வேண்டிய மைக்கா அவர்களுக்கு இந்தியாவிலிருந்தே போக வேண்டியிருந்தது. கூடூரில் கூலிக்கு ஏடு உரித்த பெண்களின் நகக்கண் வழியாகவும் அந்தப் போர் நடந்தது என்பதை எந்த வானூர்தி அருங்காட்சியகத்திலும் எழுதியிருக்க நான் பார்த்ததில்லை.

ஸ்பார்க் பிளக்கிலும் மைக்கா இருந்தது. நடுக்கம்பியைச் சுற்றி மைக்கா வளையங்களை நூற்றுக்கணக்கில் கோத்து இறுக்கிக் கடைந்த பிளக்குகளை, பந்தயக் கார் ஓட்டியான கெனெல்ம் லீ கின்னஸ் இங்கிலாந்தில் செய்து புகழ்பெற்றார். பீங்கான் திடீர்ச் சூட்டில் விரிசல் விடும், மைக்கா விடாது. பிறகு பெட்ரோலில் ஈயக்கலவை சேர்க்கும் பழக்கம் 1923-இல் தொடங்கியது. எரிந்த ஈயத்தின் உப்புகள் மைக்காவை அரித்தன. சூட்டை வென்ற பொருள் வேதியியலிடம் தோற்றது.

பீங்கானின் கதை வேறு. கை பொறுக்கும் சூட்டில் அது நல்ல காப்பு. ஆனால் பிளக்கின் மூக்கு இருப்பது எரியும் அறைக்குள். 450 டிகிரிக்குக் கீழே இருந்தால் கரி படிந்து பிளக் அடைபடும். 850, 900-ஐத் தாண்டினால் பொறி வருவதற்கு முன்பே அந்தச் சிவந்த மூக்கு கலவையைக் கொளுத்திவிடும். பழைய சிவந்த குழாய் மறுபிறவி எடுத்து வந்ததுபோலத்தான். இந்த இடைவெளிக்குள் நிற்கும் பீங்கான் மின்சாரத்தையும் தடுக்க வேண்டும். அங்கேதான் சிக்கல். சாதாரணப் பீங்கானுக்குள் பெல்ஸ்பார் உருகி உண்டான கண்ணாடி இருக்கிறது. அந்தக் கண்ணாடியில் சோடியமும் பொட்டாசியமும் உண்டு. சூடு ஏற ஏற அந்த அயனிகள் நகரத் தொடங்கி, காப்பே கடத்தியாகிவிடும்.

முதல் உலகப் போரின்போது வாஷிங்டனில் இருந்த அமெரிக்க அளவைத் தரநிலையகத்தில் ஃபிரான்சிஸ் சில்ஸ்பீயும் அவருடன் பணியாற்றியவர்களும் இதை அளந்தார்கள். அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது, அதனாலேயே எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்தின் மின்தடை ஒரு மெகோமாகக் குறையும் சூடு எது? அந்த ஒரு டிகிரி எண்ணைக் குறித்துக்கொண்டால் எந்தக் களிமண்ணையும் எந்தக் களிமண்ணோடும் ஒப்பிடலாம். குளிர்ந்த பீங்கானை எத்தனை ஆயிரம் வோல்ட்டில் சோதித்தாலும் இந்த வேறுபாடு வெளியே வராது. அடுப்பில் வைத்து, சிவக்கும் நிலையில் அளந்தபோதுதான் நல்லதும் சாதாரணமும் பிரிந்தன. பெல்ஸ்பாரைக் குறைத்தார்கள், வேறு கனிமங்களைச் சேர்த்தார்கள். கடைசியில் 1930-களில் ஜெர்மனியின் சீமென்ஸ் நிறுவனம் அலுமினியம் ஆக்சைடைச் சுட்டுச் செய்த காப்பு வந்தது. இன்றைக்குக் கடையில் வாங்கும் பிளக்கின் வெள்ளைப் பகுதி அதன் வாரிசு. பிளக்கின்மேல் இருக்கும் வெப்ப எண்ணும் சூட்டுச் சோதனையில் பிறந்ததுதான். சோதனை எஞ்சினில் எவ்வளவு நேரத்தில் பிளக் தானாகவே கொளுத்தத் தொடங்குகிறது என்பதை வைத்தே போஷ் தன் பழைய எண்களை வகுத்தது. பெங்களூரில் மைக்கோ என்று நாம் அறிந்த போஷின் ஆலை 1950-களிலிருந்து இந்தப் பக்கத்து வண்டிகளுக்கெல்லாம் பிளக் கொடுத்தது. இன்னொரு பிளக்கின் பெயர் சாம்பியன், ஆல்பர்ட் சாம்பியன் என்ற பிரெஞ்சு சைக்கிள் பந்தயக்காரரின் பெயரால் வந்தது. தங்கவயலில் அந்தச் சொல்லைக் கேட்டால் பெரியவர்களுக்குச் சுரங்கம்தான் நினைவுக்கு வரும்.

ஃபோர்டின் டி மாடல் இந்தச் சிக்கலையெல்லாம் வேறு விதமாகத் தாண்டியது. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகள். அதன் காந்தங்கள் ஃபிளைவீலிலேயே பொருத்தப்பட்டவை. சூட்டுக்கு அஞ்சும் சுருள்கள் நான்கும் தனித்தனி மரப்பெட்டிகளில் தார் ஊற்றி அடைக்கப்பட்டு, ஓட்டுநரின் முன்பலகையில், எஞ்சினுக்கு அப்பால் உட்கார்ந்திருந்தன. பொருளை மேம்படுத்த முடியாதபோது இடத்தை மாற்றினார்கள். இது பெரிய அறிவு என்று நான் நினைக்கிறேன். ஆனால் மெழுகுக் காகிதக் கண்டென்சரும் அதே தாருக்குள் புதைந்திருந்ததால், அது மட்டும் கெட்டாலும் பெட்டியையே உடைக்க வேண்டியிருந்தது.

பிறகு சார்லஸ் கெட்டரிங் வந்தார். பேட்டரி, ஒரே காயில், மின்சாரத்தைத் துண்டிக்கும் பாயிண்ட், கண்டென்சர் என்ற அவருடைய ஏற்பாடு 1910-களின் தொடக்கத்தில் காடிலாக் கார்களில் ஏறியது. அதே அமைப்பு நம் அம்பாசிடர்களிலும் பியட்களிலும் புல்லட்டுகளிலும் பல பத்தாண்டுகள் ஓடியது. எங்களை நிறுத்திய காரிலும் அதுதான். இந்த ஏற்பாட்டில் சூடு மூன்று இடங்களில் கைவைக்கிறது.

முதல் இடம் செம்புக்கம்பி. செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.39 சதவீதம் கூடும். 30 டிகிரியில் இருந்த காயில் 90 டிகிரிக்குப் போனால் தடை 23 சதவீதம் ஏறும். மெதுவாக ஓடும் எஞ்சினில் ஓட்டம் அதே விகிதத்தில் குறைந்து பழையதில் 81 சதவீதமாகும். காயிலில் சேரும் ஆற்றல் ஓட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே பொறியின் வலிமையில் மூன்றில் ஒரு பங்கு காணாமல்போகும். எந்தப் பாகமும் கெடாமலே இவ்வளவு இழப்பு. ஸ்டார்ட்டர் சுழலும்போது பேட்டரியின் அழுத்தமும் இறங்குவதால், சூடான எஞ்சினைத் திரும்பக் கிளப்பும் அந்தச் சில வினாடிகளில் இரண்டு குறைகளும் ஒன்றாகச் சேர்கின்றன.

இரண்டாவது, காயிலுக்குள் இருக்கும் காகிதமும் வார்னிஷும். ஸ்டைன்மெட்ஸும் லாமேயும் 1913-இல் எழுதிய கட்டுரை, மின்காப்புப் பொருள்களைச் சூட்டு வரம்பின்படி வகைபிரிக்கும் வழக்கத்துக்கு அடிப்படையாயிற்று. பின்னாளில் நிலைத்த வகைப்பாட்டில், வார்னிஷ் ஊறிய பருத்தியும் காகிதமும் 105 டிகிரிக்கு, மைக்கா சேர்ந்தவை 130-க்கு. 1930-இல் மான்ட்சிங்கர் மின்மாற்றிகளை ஆராய்ந்து, சூடு 8 டிகிரி கூடினால் காப்பின் ஆயுள் பாதியாகிறது என்று கணக்குச் சொன்னார். வண்டி நிறுத்தியதும் விசிறி நிற்கும், காற்று நிற்கும், இரும்பில் சேர்ந்த சூடு முழுவதும் பானெட்டுக்குள் பரவும். ஓடும்போது இருப்பதைவிட நின்ற பத்தாவது நிமிடத்தில் காயிலைச் சுற்றிச் சூடு அதிகம். டீ குடித்துவிட்டு வருவதற்குள் வண்டி முரண்டு பிடிப்பதன் காரணம் இது.

மூன்றாவது கண்டென்சர். பாயிண்ட் பிரியும் கணத்தில் பாயும் மின்சாரத்தை வாங்கிக்கொண்டு, காந்தப்புலத்தைச் சட்டென்று குலையவைப்பது அதன் வேலை. அது ஒழுகத் தொடங்கினால் பொறி பிளக்கில் மெலிந்து பாயிண்டில் தடிக்கும், பாயிண்ட் கருகும். மெழுகும் காகிதமும் ஆன பழைய கண்டென்சர் சூட்டில் ஒழுகும், ஆறினால் சரியாகும். உள்ளே தகடு தொடும் இடம் சூட்டில் விலகி, ஆறியதும் மறுபடி ஒட்டுவதும் உண்டு. கடையில் மேசைமேல் வைத்துச் சோதித்தால் இரண்டு கோளாறுமே அகப்படாது.

ஆகவே சோதனை சூட்டில்தான் நடக்க வேண்டும். ஆனால் சூட்டுச் சோதனையிலும் ஏமாற வழி இருக்கிறது. பல மாதம் கிடந்த பழைய சுருளின் நூலும் காகிதமும் ஈரம் குடித்திருக்கும். அதை அடுப்பில் வைத்தால் காப்புத்தடை முதலில் இறங்கும். ஈரம் வெளியேற வெளியேற மறுபடி ஏறும். இறங்கும்போது அளந்தவர் சுருளைத் தூக்கி எறிவார், ஏறியபின் அளந்தவர் பொருத்துவார். இருவர் கையிலும் இருந்தது ஒரே சுருள். எனவே முதலில் மிதமான சூட்டில் மணிக்கணக்கில் உலர்த்தி, அளவு நிலைபெற்ற பிறகே அடுத்த சூட்டுக்குப் போக வேண்டும். வெளியிலிருந்து அடுப்பு கொடுக்கும் சூடு உள்ளே போகவும் நேரமெடுக்கும். காயிலின் மேல்தகடு 90 காட்டும்போது நடுக்கம்பி 50-இல் இருக்கலாம்.

உள்ளே எவ்வளவு சூடு என்று பார்க்கத் துளை போட வேண்டாம், செம்பே சொல்லிவிடும். காலையில் 30 டிகிரியில் முதன்மைச் சுருளின் தடையை அளந்துகொள்ளுங்கள், 1.5 ஓம் என்று வைப்போம். ஓட்டிவந்து நிறுத்திய உடனே மறுபடி அளந்தால் 1.8 ஓம். விகிதம் 1.2. காலைச் சூட்டோடு 234.5-ஐக் கூட்டினால் 264.5, அதை 1.2-ஆல் பெருக்கி, மறுபடி 234.5-ஐக் கழித்தால் ஏறத்தாழ 83. சுருளின் சராசரிச் சூடு 83 டிகிரி. நடுவில் இதைவிடக் கூடுதலாக இருக்கும். மின்மாற்றியையும் மோட்டாரையும் சோதிக்கிறவர்கள் நூறாண்டாகச் செய்துவரும் கணக்கு இது. சாதாரண மல்டிமீட்டரில் இத்தனை சிறிய தடையைத் துல்லியமாகப் பிடிப்பதுதான் கடினம். நல்ல மீட்டரும் இறுக்கமான கிளிப்பும் வேண்டும்.

மறுநாள் நாங்கள் மாலூர்வரை போய்த் திரும்பி, சூட்டோடு அந்தப் பட்டறைக்குள் நுழைந்தோம். பெரியவர் பம்பைத் தொடவில்லை. ஒரு பிளக் ஒயரைக் கழற்றி, ரப்பர் கையுறையோடு எஞ்சின் இரும்பிலிருந்து அரை சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தார். பொறி மஞ்சளாக, நூல்போல வந்தது, விட்டு விட்டு வந்தது. "பெட்ரோல் குத்தம்னா கரண்டு நீலமா வந்திருக்கணும்ல?" என்றார். காயிலை மாற்றவில்லை, பாயிண்டை மாற்றவில்லை, எதையும் ஆறவிடவும் இல்லை. அந்தச் சூட்டிலேயே கண்டென்சரை மட்டும் கழற்றி வேறொன்றை மாட்டினார். பொறி நீலமாகி, சடசடவென்று தாவியது. எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடம் ஆகியிருக்காது.

கழற்றியதை ஆறவைத்து, காப்புத்தடை அளக்கும் மெக்கரில் இணைத்தார். முள் நல்ல பக்கத்திலேயே, முடிவிலியை ஒட்டி நின்றது. "இதைத்தான் நேத்து பார்த்திருப்பேன்" என்றார். பிறகு கொதித்துக்கொண்டிருந்த டீ கெட்டிலின் மூடிமேல் அதைப் பத்து நிமிடம் வைத்து, துணியால் எடுத்துத் துடைத்து மறுபடி இணைத்தார். முள் கீழே இறங்கிக்கொண்டே போயிற்று. அதை அவர் குப்பையில் போடவில்லை. ஒயரில் முடிச்சுப் போட்டுச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டினார். அந்த ஆணியில் ஏற்கெனவே ஏழெட்டு தொங்கிக்கொண்டிருந்தன.